படிவத்துக்கு முன் ஒரு மேடை: தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சியைத் திட்டமிடும், நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது மாலை வேளைகளில் முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல் பக்கத்து இளைஞர்களுக்கு நாடகம் பழக்குகிறேன். அவர்களில் அநேகர் சாதாரண தரப் பரீட்சையை எழுதாமலே பள்ளியை விட்டவர்கள். சிலர் எழுதியும் சித்தியடையாதவர்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர், மீன் கடையில் நிற்பவர், ஓட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் என்று ஆளுக்கொரு பாடு.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி நெறிகளுக்கு ஆள் சேர்க்கும் முன், அந்தப் பிள்ளைகள் வாழும் இடத்திலேயே, தமிழில், மாலை நேரத்தில், சில கிழமைகள் நாடகமோ இசையோ ஓவியமோ நடக்கட்டும். அதை நடத்தும் கலைஞருக்கு உங்கள் போதனாசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுங்கள். அங்கே கடைசிவரை நின்ற பிள்ளையை, பெறுபேற்றுத் தாள் கேட்காமல், பயிற்சி நெறியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான்.

உங்கள் நிலையங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் அங்கே வெல்டிங்கும் குளிரூட்டி திருத்துவதும் படித்து இன்று குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அந்த வாய்ப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் உங்கள் வாசல் வரைக்கும் வருவதில்லை. அதுதான் என் ஆதங்கம். கொழும்பு நகரில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகார சபையே தன் வீடமைப்புத் திட்டத்துக்காகக் கணக்கெடுத்தது. அந்தக் குடும்பங்களில் பல இன்று தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் உயர்ந்த தொடர்மாடிகளுக்குள் போய்விட்டன. முடுக்குகளில் வாழ்ந்தபோது எப்படிப் படிப்பு தூரத்தில் இருந்ததோ, பத்தாம் மாடியிலும் அப்படியேதான் இருக்கிறது.

ஏன் வருவதில்லை என்று கேட்டால் சம்பளம், தூரம், மொழி என்று சொல்வார்கள். மூன்றும் உண்மை. நாட்கூலிக்குப் போகிறவனால் காலை ஒன்பது மணி வகுப்புக்கு வர முடியாது. வந்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அறிவித்தல் மூன்று மொழிகளிலும் இருக்கும், வகுப்புக்குள் போனால் பல இடங்களில் சிங்களம் மட்டும்தான். இவற்றை நீங்கள் அறிவீர்கள், நான் நீட்டத் தேவையில்லை.

நான் சொல்ல விரும்புவது நாலாவது காரணத்தை. வகுப்பறை என்றாலே இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு சுருங்குகிறது. பின்வரிசையில் இருத்தப்பட்டவர்கள், கரும்பலகைக்கு முன்னால் அழைத்து நிறுத்தி வாசிக்கச் சொல்லப்பட்டவர்கள், வாசிக்க முடியாமல் நின்றபோது முழு வகுப்பும் சிரித்ததைக் கேட்டவர்கள். பத்து வருடம் போனாலும் அந்தச் சிரிப்பு அவர்கள் காதில் இருக்கிறது. மேசை, கதிரை, வெள்ளைப்பலகை, பெயர் கூப்பிடும் ஒருவர் என்று உங்கள் நிலையமும் அதே தோற்றத்தில் இருக்கிறது. அதற்கு முதல் ஒரு விண்ணப்பப் படிவம் வேறு. என்ன படித்தாய் என்பதுதான் அதன் முதற்கேள்விகளில் ஒன்று. பதில் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மிச்சத்தை நிரப்பாமலே எழுந்து போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி நிலையமொன்றில் நுழைவுப் பரீட்சைக்குப் போயிருக்கிறான். கால் மணித்தியாலத்தில் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். “ஞாபக சக்தி இல்ல டீச்சர் எனக்கு” என்றான் என்னிடம். மாசி மாதத்தில் ஊரில் காமன் கூத்து, அதுதான் ரதி மன்மதன் கதையை ஆடும் மலையகக் கூத்து, ஆடுவீர்களா என்று சும்மா கேட்டேன். முகம் மாறிவிட்டது. சின்ன வயதில் ரதி வேடம் கட்டியவனாம். எழுந்து நின்று பாடத் தொடங்கினான். ரதி பாடுவது, மன்மதன் பாடுவது, இடையில் தப்புக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தாளம், எந்த இடத்தில் அடி மாறும் என்பது வரைக்கும் எல்லாம் வாய்ப்பாடமாக இருந்தது. விடிய விடிய ஆடும் கூத்தை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஞாபக சக்தி இல்லை என்று யார் சொல்லிக் கொடுத்தது? மோட்டார் ஒன்றை எந்த வரிசையில் கழற்றி எந்த வரிசையில் பூட்டுவது என்பதை அவன் மறப்பானா?

அப்புறம் எங்கள் நேர்முகப் பரீட்சை நாடகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கலையால் படிப்பு எப்படி நடக்கிறது என்பதை நான் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கண்டதில்லை.

வேலை தேடிப் போகும் ஒருவனைப் பற்றிக் குட்டிக் காட்சியொன்று போட்டோம். பிள்ளைகள்தான் கதையைச் சொன்னார்கள். ஒரு மேசை, ஒரு முதலாளி, எதிரில் ஒரு பையன். முதலாளி “கொஹெத இன்னே?”, எங்கே இருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்கிறார். பையன் தான் வாழும் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறான். கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்பைத் தோட்டம் என்றுதான் சொல்வோம். முதலாளி பேனாவைக் கீழே வைக்கிறார். காட்சி முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது நடந்திருக்கிறது.

சரி, திரும்பவும் போடுவோம், யாருக்காவது வேறு விதமாகச் செய்ய வேண்டுமென்று தோன்றினால் கையைத் தட்டி நிறுத்திவிட்டு அந்தப் பையனின் இடத்துக்கு வரலாம் என்றேன். முதலில் வந்தவன் விலாசத்தை மாற்றிச் சொன்னான், பெரிய வீதியின் பெயரைச் சொன்னான். முதலாளியாக நடித்தவன் விடவில்லை. “கிராம சேவகர் கடிதம் கொண்டு வா” என்றான். பொய் அங்கேயே உடைந்தது. அடுத்தவன் சண்டைக்குப் போனான், வேலை போயிற்று. மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை எழுந்து வந்தாள். தோட்டத்தின் பெயரை நிமிர்ந்து சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தாமல், அங்கே தான் எத்தனை வீட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறாள், ஒரு பாடசாலைச் சீருடைக்கு எத்தனை மீட்டர் துணி வெட்டுவாள், எவ்வளவு நேரத்தில் முடிப்பாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். முதலாளியாக இருந்தவன் வேடத்தை மறந்து “சரி, நாளைக்கு வாங்க” என்று தமிழில் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவள் சொன்ன பதிலை எல்லாருக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் எழுதவில்லை. நீங்களே எழுதுங்கள் என்றேன். பென்சிலைத் தொடவே மறுத்துக்கொண்டிருந்தவன் பக்கத்தில் இருந்தவனிடம் “மீட்டர் எப்பிடி எழுதுறது?” என்று கேட்டான். அவனுக்குத் தான் செய்யும் வேலையைப் பற்றிச் சொந்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எழுத்து தேவைப்பட்டது. அந்தத் தாளையே கொஞ்ச நாளில் சிங்களத்திலும் சொல்லிப் பழகினார்கள்.

நான் கண்டுபிடித்த முறையல்ல இது. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் வளர்த்தெடுத்த அரங்கு. பார்வையாளர் எழுந்து வந்து கதையை மாற்றலாம் என்பதுதான் அதன் அடிப்படை. 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் அவர் வேலை செய்தார். அவருக்கு முன்னோடியான பாவுலோ பிரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 300 தொழிலாளருக்கு எழுத்தறிவித்தவர். பாடம் மொத்தம் நாற்பது மணித்தியாலம் அளவில்தான். எழுத்தைக் கையில் எடுக்கும் முன் படங்களைக் காட்டிப் பேச வைப்பது அவருடைய முறை. மனிதர் மண்ணோடும் கருவிகளோடும் வேலை செய்யும் காட்சிகளை அவருக்காக வரைந்து கொடுத்தவர் பிரான்சிஸ்கோ பிரென்னாண்ட் என்ற ஓவியர். படத்தைப் பார்த்து மக்கள் தங்கள் வாழ்க்கையைப் பேசினார்கள். பிறகுதான் செங்கல், மண்வெட்டி, சம்பளம் போன்ற சொற்கள் எழுத்தாக வந்தன. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்தத் திட்டத்தை நிறுத்தி அவரைச் சிறையில் வைத்தது. ஓர் ஓவியத்தை வைத்துத் தொடங்கிய படிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கு அது போதும்.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். காமினி ஹத்தொட்டுவேகம 1970களில் வீதி நாடகத்தைச் சந்திகளுக்கும் சந்தைகளுக்கும் கொண்டுபோனார். நுழைவுச்சீட்டு வாங்க வழியில்லாதவர்களிடம் நாடகம் தேடிப் போனது. பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய மக்கள் களரி, சிங்கள இளைஞர்களையும் தமிழ் இளைஞர்களையும் ஒன்றாகத் தங்க வைத்துப் பழக்கியது. கழற்றிப் பூட்டும் அரங்கோடு ஊர் ஊராகப் போன அந்தப் பிள்ளைகள் ஒருவர் மொழியை மற்றவர் கற்று இரு மொழிகளிலும் நடித்தார்கள். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரில் அடிபட்ட பிள்ளைகளைக் களிமண்ணும் வர்ணமும் கதையுமாகப் பேச வைத்தது. 2000ஆம் ஆண்டு சுனேத்ரா பண்டாரநாயக்க ஆரம்பித்த சுனேரா மன்றம், மாற்றுத்திறனாளிகளை மேடையேற்றி வருகிறது.

இவற்றில் எதுவும் ஒரு தொழிற்பயிற்சி நெறியின் முதற்படியாக அமையவில்லை. கலை ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். உங்கள் சான்றிதழ் வழங்கும் விழாவில் ஒரு வரவேற்பு நடனம் இருக்கும், அவ்வளவோடு சரி. அந்த நடனத்தை ஆடும் பிள்ளையை வருடத் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு நாடகத்தை மேடையேற்ற என்னென்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். போன முறை விளக்குகளை ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் பொறுப்பெடுத்தார். ஒரு விளக்கு 1000 வாட். நம் மின்சாரம் 230 வோல்ட். அப்படியானால் ஒரு விளக்கு நாலு அம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். 15 அம்பியர் பிளக் ஒன்றில் எத்தனை விளக்கு பூட்டலாம்? மூன்றோடு நிறுத்த வேண்டும், நாலாவதைப் பூட்டினால் பியூஸ் போகும். பள்ளியில் வகுத்தல் கணக்கென்றால் ஓடி ஒளிந்தவர் இந்தக் கணக்கைத் தரையில் சோக்கால் போட்டார், ஏனென்றால் பியூஸ் போனால் அரசன் இருட்டில் நிற்பார். இது மின்னிணைப்புப் பயிற்சியின் ஆரம்பப் பாடம்தானே? மேடைப் பலகைக்குத் தச்சு வேலை, உடுப்புக்குத் தையல், முகத்துக்கு ஒப்பனை, ஒலிபெருக்கி, துண்டுப் பிரசுரம், செலவுக் கணக்கு. நீங்கள் நடத்தும் நெறிகளில் பாதி அந்த மேடைக்குப் பின்னால் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எதில் கை போகிறது என்று நாலு கிழமை பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைக்கும் தெரிந்துவிடும். தெரியாமல் ஒரு நெறியில் சேர்ந்து இரண்டு மாதத்தில் விட்டுப் போகிறவர்களைப் பற்றி உங்கள் போதனாசிரியர்கள் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

நேரத்துக்கு வருவதும் அப்படித்தான் பழக்கமாகிறது. ஒத்திகைக்கு ஒருவர் வராவிட்டால் காட்சி நின்றுபோகும். அவருக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, மற்றப் பிள்ளைகளே போன் எடுத்து ஏசுவார்கள். வரவுப் பதிவேட்டால் வராத ஒழுங்கு இப்படி வருகிறது.

இதையெல்லாம் எப்படி அளப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அளக்கும் வழியை நீங்களே ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். தேசிய தொழில் தகைமை (NVQ) என்ற உங்கள் சான்றிதழ் முறையின் ஏழு மட்டங்களில், வேலை தெரிந்தவருக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. வகுப்புக்கே போகாமல் பல வருடம் மேசன் வேலை செய்த ஒருவரை, அவர் செய்வதைப் பார்த்து மதிப்பிட்டு, சான்றிதழ் கொடுக்கிறீர்கள். நான் மனமாரப் பாராட்டும் ஏற்பாடு அது. கையில் இருக்கும் அறிவைத் தாளில்லாமல் காணலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் நீங்கள். அதே கண்ணை நுழைவாயிலிலும் வையுங்கள். நான் கேட்கும் இந்தக் கலைப் பட்டறையின் கடைசி நாளில் உங்கள் போதனாசிரியர் ஒருவர் வந்து பார்க்கட்டும். சேர்ந்து வேலை செய்கிறாரா, சொன்னதை மனதில் வைக்கிறாரா, ஒரு கருவியைப் பிடிக்கத் தெரிகிறதா என்பதை ஒரு நுழைவுப் பரீட்சையைவிட அங்கே நன்றாகக் காணலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல வீடுகளில் நாடகம் என்றால் அம்மா தலையாட்ட மாட்டார். இரவில் எங்கே போகிறாய், யாரோடு ஆடுகிறாய் என்ற கேள்விகள் வரும். அவர்களுடைய பயம் வெறும் பயமல்ல. தூள், ஐஸ் என்று போதைப்பொருள் விற்கும் சந்திகளைத் தாண்டித்தான் அந்தப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் பட்டறை தொடர்மாடிக்குள்ளேயே நடக்க வேண்டும், அம்மாமார் வந்து உட்கார்ந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் பெண் பிள்ளைகளுக்கான நேரம் முடிய வேண்டும். எங்களிடம் பார்க்க வந்த அம்மா ஒருவர் பிறகு நடிக்கவும் வந்தார். அவருக்குள் இருந்த ஒப்பாரிப் பாட்டுகளைக் கேட்டு நாங்கள் வாயடைத்துப் போனோம். தையல் பயிற்சிக்கு முதலில் பெயர் கொடுத்ததும் அவர்தான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கலைப் பட்டறை என்ற பெயரில் எங்கள் பகுதிக்கு வந்து போன திட்டங்கள் நிறைய. பதாகை கட்டுவார்கள், டீ-சேர்ட் கொடுப்பார்கள், பிள்ளைகள் அழும் காட்சியைப் படம் பிடிப்பார்கள், மூன்று மாதத்தில் காணாமல் போவார்கள். ஒரு பிள்ளையின் மனதைத் திறந்துவிட்டு அதற்குப் பிறகு போக ஓர் இடம் காட்டாமல் விடுவது கொடுமை. அதனால் பட்டறை முடிந்து வரும் திங்கட்கிழமையே பயிற்சி நெறி தொடங்க வேண்டும். அந்த ஆசனங்களை உறுதிப்படுத்த முடியாவிட்டால் பட்டறையை ஆரம்பிக்க வேண்டாம்.

கலைஞரின் சம்பளத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் கேட்கிறேன். நாடகக்காரர், மேளக்காரர், ஓவியர் என்றால் சேவை மனப்பான்மையோடு வருவார்கள் என்ற எண்ணம் எல்லாரிடமும் இருக்கிறது. வருவார்கள்தான், சில நாட்கள் வருவார்கள். பிறகு வீட்டு வாடகைக்காக வேறு வேலைக்குப் போவார்கள். பட்டறை அங்கே நிற்கும். வடகொழும்பில் நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆலயத் திருவிழாவுக்கு மேளம் வாசிப்பவர்கள், பெரிய வெள்ளிக்குத் திருப்பாடுகளின் காட்சி நடிப்பவர்கள், கடைப் பலகை எழுதிய கைகள் என்று இந்தத் தெருக்களிலேயே தேடலாம். வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியதில்லை. போதனாசிரியருக்கு என்ன மணித்தியாலக் கட்டணமோ அதையே அவர்களுக்கும் கொடுங்கள்.

இடத்துக்கும் பெரிய செலவில்லை. எங்கள் பக்கத்துச் சமூக மண்டபங்கள் சில மாலையானால் பூட்டிக் கிடக்கின்றன; சாவி யாரிடம் என்று தேடவே ஒரு கிழமை போகிறது. உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால் அவை திறக்கும். மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபம் இருக்கிறது, அருகிலேயே எல்பின்ஸ்டன் அரங்கும் இருக்கிறது. வாழைத்தோட்டத்துப் பிள்ளையும் மாளிகாவத்தைப் பிள்ளையும் நடந்தே வரக்கூடிய தூரம். வருடத்தில் ஒரு மாலை அந்த மேடையில் ஏறக் கிடைத்தாலும் அவர்கள் அதற்காக மாதக்கணக்கில் உழைப்பார்கள். மேடைக்குப் பின்னால் விளக்கும் ஒலியும் இயக்குபவர்களின் பக்கத்தில் நின்று பழகவும் முடியும்.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. அடுத்த சேர்க்கைக்கான அறிவித்தலை ஒட்டுவதற்கு முன், மட்டக்குளியில் ஒரு தொடர்மாடியைத் தெரிவுசெய்யுங்கள். மின்னிணைப்பு, தையல், தச்சு என்று மூன்று நெறிகளில் கொஞ்சம் ஆசனங்களை ஒதுக்கி வையுங்கள். ஆறு கிழமை, மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்; பெண் பிள்ளைகளுக்கான நேரத்தை அதற்கு முன்பே வைக்கலாம். பழக்குவதற்கு எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு உத்தியோகத்தரை முதல் நாளிலிருந்தே அனுப்புங்கள், கடைசி நாளுக்கு மட்டும் வேண்டாம். தமிழ் பேசுபவராக இருந்தால் நல்லது. சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருந்தாலும் வரட்டும், பிள்ளைகள் அவருக்குப் புரியும்படி நடித்துக் காட்டுவார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாடக ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13